வேலனர் ஸொன்னன்ஊர்: ஜெர்மன் ஒயின் லேபிளை எழுத்துக்கூட்டிப் படிப்போம்

ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். லேபிளில் இருப்பது இவ்வளவுதான்: 2018 வேலனர் ஸொன்னன்ஊர் ரீஸ்லிங் ஷ்பேட்லேஸெ.

இதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க முதன்முதலில் கேட்டபோது வேலனும் ஊரும் மட்டும்தான் என் காதில் விழுந்தன. நம் பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சிரித்துவிட்டேன். விசாரித்தால் பாதி சரி. வேலன் உண்மையிலேயே ஓர் ஊர்தான், மோசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. முருகனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடைசியில் வரும் 'ஊர்' தான் ஏமாற்றுகிறது. ஜெர்மனில் ஊர் என்றால் கடிகாரம். ஸொன்ன என்பது சூரியன். ஸொன்னன்ஊர் என்றால் சூரியக் கடிகாரம்.

ஊர்ப்பெயரோடு 'அர்' சேர்ந்தால் 'அந்த ஊரைச் சேர்ந்த' என்று பொருள். மணப்பாறை முறுக்கு, பத்தமடைப் பாய் என்று ஊரை முன்னால் வைத்து நாம் சொல்கிறோமே, அதே வேலையை ஜெர்மன்காரர்கள் அந்த ஒட்டை வைத்துச் செய்கிறார்கள். ஆக, லேபிள் சொல்வது: வேலன் ஊரில், சூரியக் கடிகாரம் என்ற தோட்டத்தில், ரீஸ்லிங் என்ற ரகத்தை, 2018இல், சற்றுத் தாமதமாகப் பறித்துச் செய்த ஒயின். லேபிள் என்று சொல்வதைவிடத் தபால் முகவரி என்று சொல்லலாம். கதவு எண் வரைக்கும் இருக்கிறது.

அந்தக் கடிகாரம் கற்பனைப் பெயரும் இல்லை. 1842இல் யோடோகுஸ் ப்ரூம் என்பவர் மலைச்சரிவில் துருத்திக்கொண்டிருந்த பாறை ஒன்றில் அதை அமைத்தார். கைக்கடிகாரம் இல்லாத காலம். கொடிகளுக்கு நடுவே வேலை செய்தவர்கள் நிழலைப் பார்த்துத்தான் சாப்பாட்டுக்கும் வீடு திரும்பவும் நேரம் தெரிந்துகொண்டார்கள். இன்றும் வேலனின் ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரைச் சரிவில் வெள்ளையாகத் தெரியும். எதிர்க்கரையில் என்பதைக் கவனியுங்கள். வெயில் நன்றாக விழும் கரையைத் திராட்சைக்கு விட்டுவிட்டு, மனிதர்கள் இந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு எது முக்கியம் என்பதை அந்த ஏற்பாடே சொல்லிவிடுகிறது.

ஜெர்மன் ஒயினைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ருசியிலிருந்து தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும். இடம் புரிந்தால் ரகம் ஏன் அங்கே என்பது புரியும். ரகம் புரிந்தால் ருசி தானாகப் பிடிபடும். குடிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் இதில் ருசியான சங்கதிகள் உண்டு. நிலம், சட்டம், பெயர், கொஞ்சம் பித்தலாட்டம் எல்லாம் கலந்த பாடம் இது.

இவ்வளவு வடக்கே திராட்சையா?

ஐம்பதாவது வடக்கு அட்சரேகை ஜெர்மனியின் ஒயின் நாட்டுக்குக் குறுக்கே போகிறது. மைன்ட்ஸ் நகரின் குட்டன்பெர்க் சதுக்கத்தில் அந்தக் கோட்டைத் தரையிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். திராட்சை நன்றாக விளையும் எல்லையின் வட விளிம்பு இது. ஆனாலும் இங்கே ரோமானியர் காலத்திலிருந்து ஒயின் இருக்கிறது. மோசல் கரையில் நோய்மாகன் என்ற ஊரில் கண்டெடுத்த ஒரு கல்லறைச் சிற்பம், பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு துடுப்புப் போடும் ஒயின் படகைக் காட்டுகிறது. கி.பி. 220ஐ ஒட்டிய காலத்தது. இப்போது ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குளிர்நாட்டில் பழம் பழுக்க வைப்பதற்கு அவர்கள் கண்ட வழி சரிவு. வடக்கே போகப் போகச் சூரியன் தாழ்வாகவே நிற்கும். சமதரையில் வெயில் சாய்ந்து விழுந்து பரவிவிடும். அதே தரையைத் தெற்கு நோக்கிச் சாய்த்தால் வெயில் கிட்டத்தட்ட நேராக விழும். வடகத்தைக் காயவைக்கிற தட்டை வெயில் பக்கமாகச் சாய்த்து வைப்பது போலத்தான். கீழே ஆறு ஓடினால் இன்னும் நல்லது. தண்ணீர் ஒளியைத் திருப்பி அனுப்பும், பகல் சூட்டைத் தேக்கி வைத்து இரவுக் குளிரை மட்டுப்படுத்தும். அதனால்தான் நல்ல தோட்டங்கள் எல்லாம் மோசல், ரைன், நாஹே, மைன், நெக்கர் என்று ஏதாவதோர் ஆற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன.

மோசலில் இன்னொரு துணையும் உண்டு: சிலேட்டு. நாம் ஒன்றாம் வகுப்பில் பலப்பத்தால் எழுதினோமே, அந்தக் கல்லேதான். சரிவு முழுக்கக் கருநீலச் சில்லுகளாகக் கொட்டிக் கிடக்கும். ஏறினால் காலடியில் கலகலவென்று சரியும். பிற்பகலில் ஒரு சில்லைக் கையில் எடுத்தால் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான சூடு இருக்கும். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கிற வேலையை இந்தச் சில்லுகள் செய்கின்றன. மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். வேர் விரிசல்களுக்குள் புகுந்து ஆழத்துக்குப் போகும்.

சரிவு என்றால் ஏதோ மேட்டு நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். ப்ரெம் என்ற ஊரின் கால்மோன்ட் தோட்டம் 65 பாகை வரை சாய்ந்து நிற்கிறது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சின்ன வண்டி ஒன்று ஆட்களையும் கூடைகளையும் மேலே கொண்டுபோகும். மற்றபடி எல்லாம் கைவேலை. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுக் கொடியைத் தலைக்கு மேலே படர விடுகிறோம், நிழல் தேவைப்படுவதால். மோசலின் பழைய முறையில் ஒவ்வொரு கொடிக்கும் தனித்தனியாக ஒரு கம்பம். கொடியின் இரண்டு கிளைகளை இதய வடிவில் வளைத்துக் கட்டுவார்கள். அங்கே ஒரு பொட்டு வெயிலும் வீணாகக் கூடாது.

பதின்மூன்று பகுதிகள், ஆனால் பதின்மூன்றையும் ஒரே நாளில் படிக்க வேண்டாம்

சட்டப்படி ஜெர்மனியில் 13 ஒயின் பகுதிகள். மொத்தம் ஏறத்தாழ 1,03,000 ஹெக்டேர். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட ரைன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு போவது சுலபம்.

ரைன் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. மைன்ட்ஸ் அருகே டாவுனுஸ் மலைத்தொடர் வழியை மறிக்கிறது. ஆறு மேற்கே திரும்பிச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடி, பிங்கன் அருகே மறுபடி வடக்கே வழி கண்டுபிடிக்கிறது. இந்தத் திருப்பத்தால் வலது கரை முழுக்கத் தெற்கு பார்த்த சரிவாகிவிட்டது. பின்னால் மலை வடகாற்றைத் தடுக்கிறது, முன்னால் அகன்ற ஆறு. அந்தக் கரைதான் ரைன்காவ். ஏறத்தாழ 3,200 ஹெக்டேர்தான், ஆனால் பெயர் பெரிது. 1136இல் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய எபர்பாக் மடம் இங்கே இருக்கிறது. அவர்கள் மதில் கட்டி வளைத்த ஷ்டைன்பெர்க் தோட்டம் இன்றும் மதிலோடு நிற்கிறது.

அதே திருப்பத்தின் எதிர்க்கரை ரைன்ஹெஸ்ஸன். பெயரில் ஹெஸ்ஸன் இருந்தாலும் இன்றைய ஹெஸ்ஸன் மாநிலத்தில் அது இல்லை, ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒருமுறையாவது தடுக்கி விழும் இடம். ஏறத்தாழ 27,000 ஹெக்டேரோடு 13இல் மிகப் பெரியது. அலையலையான மேடுகள், மலிவான ஒயின், ஏற்றுமதிச் சரக்கு என்று நெடுங்காலம் பெயர் கெட்டுக் கிடந்தது. 'லீப்ஃப்ராவ்மில்ஷ்' என்ற இனிப்பு ஒயின் உலகமெங்கும் போனது இங்கிருந்துதான். வோர்ம்ஸ் நகரில் மாதா கோயிலைச் சுற்றியிருந்த சின்னத் தோட்டத்து ஒயினின் பெயர் அது. பிறகு யார் வேண்டுமானாலும் எந்தச் சரக்குக்கும் ஒட்டிக்கொள்ளும் பெயராகிவிட்டது. ஆனால் நீர்ஷ்டைன் ஊரின் ஆற்றோரச் சரிவைப் பார்த்தால் இந்தப் பகுதியைப் பற்றிய எண்ணம் மாறும். மண் செங்கல் நிறத்தில் இருக்கும். 'ரோட்டர் ஹாங்', செஞ்சரிவு என்றே பெயர். நல்ல ரீஸ்லிங் அங்கே விளைகிறது.

தெற்கே இறங்கினால் ஃபால்ட்ஸ். கிட்டத்தட்ட 23,600 ஹெக்டேர். மேற்கே ஹார்ட் மலைகள் மழையைத் தடுப்பதால் இதமான பூமி. வாதுமை பூக்கும், அத்தி பழுக்கும். 1935இல் திறந்த ஒயின் சாலை 85 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊர் ஊராகப் போகிறது. ஒயினை அரை லிட்டர் கண்ணாடித் தம்ளரில் குடித்துவிட்டு அதே தம்ளரைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிற ஊர்கள் இவை. எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால் மோசல் என்பேன். குடியிருக்கச் சொன்னால் ஃபால்ட்ஸ்.

இன்னும் தெற்கே, ரைனின் கிழக்குக் கரையில் நீண்டு கிடப்பது பாடன். பகுதிகளில் மிக வெதுவெதுப்பானது, எரிமலை மண் கொண்ட கைஸர்ஷ்டூல் மேடு இதன் நெஞ்சு. இங்கே பூர்குண்டர் குடும்பத்து ரகங்கள்தான் பிரதானம். அதாவது பிரெஞ்சுக்காரர்கள் பினோ என்று அழைப்பவை.

மோசலைப் பற்றி ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன். 2007 வரை லேபிளில் அதற்கு மோசல்-ஸார்-ரூவர் என்று முழுப்பெயர். ஸாரும் ரூவரும் துணையாறுகள். பழைய பாட்டிலில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.

ஃபிராங்கன் பகுதியை பாட்டிலை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். சப்பையான, வயிறு பருத்த குடுவை. 'போக்ஸ்பாய்டல்' என்று பெயர். அங்கே ரீஸ்லிங்குக்குப் பதில் ஸில்வானர் முன்னால் நிற்கும். 1659இல் காஸ்டல் என்ற ஊரில் அந்த ரகத்தை நட்ட பதிவு இருக்கிறது.

ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கு சின்னது, 550 ஹெக்டேருக்குள். இவ்வளவு வடக்கே இருந்தும் சிவப்பு ஒயினுக்குப் பெயர் போனது. மாய்ஷோஸ் ஊரின் திராட்சை விவசாயிகள் 1868இலேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2021 ஜூலை 14 இரவு அந்தப் பள்ளத்தாக்கை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிலவறைகளில் சேற்றில் புதைந்த பாட்டில்களைக் கழுவாமல், சேறு காய்ந்தபடியே 'வெள்ள ஒயின்' என்று விற்று நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள்.

மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாஹே, மண் வகைகள் நெருக்கமாக மாறி மாறி வரும் பகுதி. மிட்டல்ரைன், கோட்டைகள் நிறைந்த குறுகிய பள்ளத்தாக்கு. ஹெஸ்ஸிஷே பெர்க்ஷ்ட்ராஸெ, உள்ளூரோடு முடிந்துபோகும் சின்னத் துண்டு. ஸாக்ஸனும் ஸாலே-உன்ஸ்ட்ரூட்டும் முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் இருப்பவை. வூர்ட்டம்பெர்க் மட்டும் பாக்கி. அதை வேண்டுமென்றே பின்னால் வைத்திருக்கிறேன்.

ரகங்கள்: ஒரு ராஜா, ஒரு தவறான ஜாதகம், ஒரு கம்பத்து உறவு

1435 மார்ச் 13 தேதியிட்ட ஒரு கணக்குச் சீட்டு. காட்ஸன்எல்ன்போகன் பிரபுவின் ரூஸல்ஸ்ஹைம் கோட்டைக்காக 'ரீஸ்லிங்' கன்றுகள் வாங்கிய செலவை யாரோ ஒரு கணக்கர் எழுதி வைத்திருக்கிறார். அந்த ரகத்தின் பெயர் எழுத்தில் வரும் முதல் இடம் இது. இன்று ஜெர்மனியின் தோட்டப் பரப்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ரீஸ்லிங்தான். உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

ரீஸ்லிங்கின் குணம்: மெதுவாகப் பழுக்கும், குளிரைத் தாங்கும், பழுத்த பிறகும் புளிப்பை விடாது. இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கும். தேனில் ஊறிய நெல்லிக்காய் கடித்திருப்பீர்கள், அந்த இழுபறிதான். வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசம் வரும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அந்த ரகத்தின் இயல்பு அது. முதல்முறை மோந்தபோது எனக்கு அரிக்கேன் விளக்குதான் நினைவுக்கு வந்தது.

அடுத்து ம்யூலர்-துர்காவ். சுவிட்சர்லாந்தின் துர்காவைச் சேர்ந்த ஹெர்மன் ம்யூலர் 1882இல் கைஸன்ஹைம் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய ஒட்டு ரகம். சீக்கிரம் பழுக்கும், அள்ளிக் கொடுக்கும். அதனால் 1970களிலும் 80களிலும் நாட்டிலேயே அதிகம் பயிரான ரகம் இதுதான். ரீஸ்லிங்குக்கும் ஸில்வானருக்கும் பிறந்தது என்று பல தலைமுறை நம்பியது, பாடப்புத்தகங்களும் அப்படித்தான் சொல்லின. மரபணுச் சோதனை வந்த பிறகுதான் ஜாதகம் தப்பு என்று தெரிந்தது. ரீஸ்லிங் சரி, இன்னொரு பெற்றோர் மடலேன் ரோயால் என்ற ரகம். பழைய நூலில் படித்துவிட்டு வந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சிவப்பில் முதலிடம் ஷ்பேட்பூர்குண்டருக்கு. பிரான்ஸின் பினோ நுவாரேதான், ஜெர்மன் பெயரில் இருக்கிறது. இதைப் பயிரிடும் நாடுகளில் பிரான்ஸுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து ஜெர்மனி. வெயில் கூடி வரும் காலத்தில் இதன் மதிப்பும் கூடி வருகிறது. அடுத்தது டோர்ன்ஃபெல்டர். 1955இல் வைன்ஸ்பெர்க் ஆய்வு நிலையத்தில் அவுகுஸ்ட் ஹெரோல்ட் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது, நாவல்பழ நிறத்தில் கறுத்து இருக்கும்.

இப்போது வூர்ட்டம்பெர்க். ஷ்டுட்கார்ட்டைச் சுற்றிய பகுதி. அங்கே ஊர்க்காரர்கள் தினமும் கால் லிட்டர் தம்ளரில் குடிப்பது டிரோலிங்கர் என்ற வெளிர்சிவப்பு ஒயின். தாமே விளைத்துத் தாமே குடித்துத் தீர்த்துவிடுவதால் வெளியே அதிகம் தெரியாது. டிரோல் மலைப்பகுதியிலிருந்து வந்த ரகம், அங்கே அதற்கு ஸ்கியாவா என்று பெயர். இந்த டிரோலிங்கரையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டையும் பெற்றோராகக் கொண்ட ரகம்தான் மஸ்கட் ஹாம்பர்க். அதை நீங்கள் நிச்சயம் சாப்பிட்டிருப்பீர்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை அதுவேதான். ஷ்டுட்கார்ட்காரர் தம்ளரில் இருப்பதும், தேனி பேருந்து நிலையத்தில் கூடையில் வைத்து விற்பதும் நெருங்கிய சொந்தம். டோர்ன்ஃபெல்டருக்கும் டிரோலிங்கர் பாட்டி முறை. ஒயின் படிப்பில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. ஊருக்குப் போகும்போதெல்லாம் யாரிடமாவது சொல்லி, 'அப்படியா' என்ற ஒற்றைச் சொல்லை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

பதநீரும் கள்ளும் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது

நம் லேபிளில் கடைசிச் சொல் பாக்கி: ஷ்பேட்லேஸெ. தொடக்கத்தில் படிக்கிற பத்தில் ஒன்பது பேர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பதநீர் இனிக்கும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கினால் ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கும், சர்க்கரையைத் தின்று போதையாக்கும், அது கள். கள்ளில் பதநீரின் இனிப்பு இருக்காது. ஒயினும் இதே கதை. பழச்சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பது ஒரு கேள்வி. நொதித்து முடித்த பிறகு எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கேள்வி. ஜெர்மன் லேபிளில் கபினெட், ஷ்பேட்லேஸெ, அவுஸ்லேஸெ, பேரன்அவுஸ்லேஸெ, ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸெ என்று ஏறிக்கொண்டே போகும் படிகள் எல்லாம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். பதநீரை அளந்து சொல்கின்றன. கள்ளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அளக்கும் அலகு எக்ஸ்லெ. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரத்துப் பொற்கொல்லர் ஃபெர்டினான்ட் எக்ஸ்லெ 19ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய கருவி. கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம். ஒரு லிட்டர் திராட்சைச் சாறு 1,080 கிராம் இருந்தால் 80 எக்ஸ்லெ. மோசல் ரீஸ்லிங்குக்குக் கபினெட் என்றால் 70 அளவில் தொடங்கும், ஷ்பேட்லேஸெ 76, பேரன்அவுஸ்லேஸெ 110, உச்சியில் இருப்பது 150. பகுதிக்கும் ரகத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் மாறும். இந்தப் படிகளில் வரும் ஒயினில் நொதிக்கும் முன் சர்க்கரை சேர்க்கக் கூடாது என்பதும் சட்டம்.

மிஞ்சிய இனிப்பைத் தெரிந்துகொள்ள வேறு சொல்லைத் தேட வேண்டும். 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பற்றது, லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரைக்கு மேல் போகாது. 'ஹல்ப்ட்ரோக்கன்' என்றால் 18 வரை. 'ஃபைன்ஹெர்ப்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது, லேசான இனிப்பு என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். எதுவும் எழுதாவிட்டால்? மதுச்செறிவைப் பாருங்கள். 8 சதவீதம் என்றால் ஈஸ்ட் பாதியிலேயே நிறுத்தியிருக்கிறது, இனிப்பு மிச்சம் இருக்கிறது. 12, 13 என்றால் தின்று முடித்துவிட்டது. கடையில் நிற்கும்போது இந்தக் குறுக்கு வழி ஒன்றே போதும்.

ஷ்பேட்லேஸெ என்றால் தாமத அறுவடை. அதற்கொரு கதை இருக்கிறது. ரைன்காவின் யோஹானிஸ்பெர்க் தோட்டம் ஃபுல்டாவின் இளவரச ஆயருக்குச் சொந்தமாக இருந்தது. அறுவடை தொடங்க அவருடைய அனுமதி வேண்டும். 1775இல் அனுமதி வாங்கப் போன குதிரைக்காரன் பல நாள் தாமதமாகத் திரும்பினான். அதற்குள் பழத்தில் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிட்டது. வேறு வழியின்றி அதையே பிழிந்தார்கள். அந்த ஒயின் எல்லோரையும் வாயடைக்க வைத்ததாம். குதிரைக்காரன் ஏன் தாமதித்தான் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவனுக்குச் சிலை மட்டும் அந்த மாளிகை முற்றத்தில் இருக்கிறது. அந்தப் பூஞ்சையை ஜெர்மனில் 'சீமான் அழுகல்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். பழத்தோலில் நுண்துளை போட்டு நீரை வெளியேற்றிச் சர்க்கரையைத் திரட்டுகிறது. உச்சிப்படி ஒயின்கள் எல்லாம் இந்த அழுகலின் பிள்ளைகள்.

ஐஸ்வைன் வேறு வழி. பழத்தைக் கொடியிலேயே விட்டு, குளிர் மைனஸ் 7 பாகைக்குக் கீழே போகும் இரவுக்குக் காத்திருந்து, உறைந்தபடியே பறித்துப் பிழிய வேண்டும். நீர் பனிக்கட்டியாகப் பிழிகருவியில் நின்றுவிடும், தேன் போன்ற சாறு மட்டும் சொட்டும். 2019 அறுவடைக்கான குளிர்காலத்தில் அந்த இரவு வரவே இல்லை. 13 பகுதிகளிலும் ஐஸ்வைன் பொய்த்தது.

ஒரே மாதிரி இரண்டு பெயர், உள்ளே வேறு வேறு சரக்கு

இனி பித்தலாட்டத்துக்கு வருவோம். இரண்டு லேபிள்கள்: பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஷன், பீஸ்போர்ட்டர் மிஷல்ஸ்பெர்க். இரண்டிலும் ஊர் பீஸ்போர்ட், பின்னால் ஒரு தோட்டப் பெயர். நான் முதலில் வாங்கியது இரண்டாவது. விலை மூன்றில் ஒரு பங்கு, அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து வரைபடத்தில் தேடினால் அப்படியொரு தனித் தோட்டமே இல்லை.

நடந்தது இது. நம் கிராமங்களில் கோயில் வயல், ஓடைக்காடு, பனையடித் துண்டு என்று நிலத்துக்கெல்லாம் பெயர் இருப்பது போல, ஜெர்மனியில் சுமார் 30,000 தோட்டப் பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. 1971 ஒயின் சட்டம் அவற்றை ஒன்றோடொன்று இணைத்து ஏறக்குறைய 2,600 ஆக்கியது. பொதுவாகத் தோட்டம் 5 ஹெக்டேராவது இருக்க வேண்டும் என்றது. இது 'ஐன்ட்ஸல்லாகெ', தனித் தோட்டம். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பல தோட்டங்களையும் பல ஊர்களையும் ஒரே பெயரில் சேர்த்து 'க்ரோஸ்லாகெ' என்ற பெருந்தொகுதியையும் உருவாக்கி, அதற்கும் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொள்ள அனுமதித்தது. கோல்ட்ட்ரோப்ஷன், அதாவது பொன்துளி, ஆற்று வளைவில் தெற்கு பார்த்து நிற்கும் உண்மையான சிலேட்டுச் சரிவு. மிஷல்ஸ்பெர்க் என்பது பக்கத்து ஊர்களின் நிலங்களையும் சேர்த்துக்கொண்ட தொகுதி. லேபிளில் இரண்டுக்கும் ஒரே இலக்கணம். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இருக்கவில்லை. நல்ல ஊரின் பெயரை இப்படிப் பொதுச்சொத்தாக்கியதை எந்தச் சமாதானம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதனால்தான் நல்ல விவசாயிகளில் பலர் தனி வழி போனார்கள். 1910இல் தொடங்கிய ஃபௌ.டே.பே. என்ற சங்கம் தன் உறுப்பினர்களின் தோட்டங்களைத் தானே தரம் பிரித்து நான்கு படிகளாக வைத்திருக்கிறது. பாட்டில் கழுத்தில் திராட்சைக் குலை தாங்கிய கழுகுச் சின்னம் இருந்தால் அவர்கள். உச்சித் தோட்டத்தில் விளைந்த இனிப்பற்ற ஒயினுக்கு 'க்ரோஸஸ் கெவெக்ஸ்' என்று பெயர். அரசும் 2021இல் விதிகளைத் திருத்தியது. பகுதி, ஊர், தோட்டம் என்று இடம் சுருங்கச் சுருங்க விதி இறுகும் ஏற்பாடு வந்தது. பெருந்தொகுதிப் பெயருக்கு முன்னால் 'ரெகியோன்' என்று போட வேண்டும் என்றும் ஆனது. 2025 அறுவடை வரை மாறுதல் காலம் கொடுத்தார்கள். பழைய பாட்டில்கள் கடைகளில் இன்னும் பல வருடம் இருக்கும் என்பதால், இந்தப் பொறியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எங்கே தொடங்கலாம்?

ஒரே ஆறு, ஒரே ரகம். என் யோசனை மோசலும் ரீஸ்லிங்கும். வரைபடத்தில் பெர்ன்காஸ்டலில் விரலை வைத்து ஆற்றோடு கீழே போங்கள். கிராஹர் ஹிம்மல்ரைஷ் (சொர்க்கலோகம்), வேலனர் ஸொன்னன்ஊர், யூர்ட்ஸிகர் வூர்ட்ஸ்கார்ட்டன் (மசாலாத் தோட்டம்), எர்டனர் ட்ரெப்ஷன் (சின்னப் படிக்கட்டு). சில கிலோமீட்டருக்குள் எல்லாம் வந்துவிடும். யூர்ட்ஸிகில் மண் சிவக்கும், வேலன் பக்கம் கருநீலம். ஒரே விவசாயி ஒரே வருடத்தில் இரண்டு தோட்டங்களில் செய்ததை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இடம் என்ற சொல்லின் அர்த்தம் நாக்கில் ஏறும்.

பாட்டிலில் ஒரு மூலையில் நீண்ட எண் ஒன்று இருக்கும். ஜெர்மனியில் தர ஒயின் ஒவ்வொன்றும் அரசுத் தேர்வில் தேறித்தான் விற்பனைக்கு வர வேண்டும், அந்தத் தேர்வு எண் அது. கடைசி இரண்டு இலக்கம் தேர்வு நடந்த வருடம், அதற்கு முந்தையது அந்தப் பண்ணையின் வரிசை எண். ஒரே தோட்டத்து ஷ்பேட்லேஸெ இரண்டு இருந்து ருசி மாறினால் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

தோட்டப் பெயர்களின் பொருளையும் உடனுக்குடன் நம்பிவிட வேண்டாம். ஃபால்ட்ஸில் ஃபோர்ஸ்ட் ஊரில் 'ஊங்ஹோயர்' என்று ஒரு தோட்டம். சொல்லுக்கு அரக்கன் என்று பொருள். ஆனால் அது அந்தக் காலத்தில் பக்கத்து ஊரில் இருந்த ஓர் எழுத்தரின் குடும்பப் பெயர்தான். அரக்கன் யாரும் அங்கே குடியிருக்கவில்லை.

கடைசியாக ஒரு லேபிள், நீங்களே படித்துப் பாருங்கள்: க்ரோவர் நாக்ட்டார்ஷ். க்ரோவ் மோசல் கரை ஊர். நாக்ட்டார்ஷ் என்றால், மன்னிக்கவும், அம்மணப் புட்டம். திருட்டுத்தனமாக ஒயின் குடித்த பையனின் கால்சட்டையை இறக்கிவிட்டு நிலவறைக்காரர் அடிக்கிற படம் லேபிளில் இருக்கும். சுற்றுலா வருபவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். இது தனித் தோட்டமா, பெருந்தொகுதியா? வரைபடத்தைத் திறந்து தேடுங்கள். பெருந்தொகுதிதான்.